கம்பி நெளிந்தால் கமகம்! - செய்யூர் கடற்கரை முதல் லண்டன் வரை… புரோகிரஸிவ் ராக் கிட்டாரிஸ்ட்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டி, சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் கடந்து, பாலாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் கூவத்தூர். அதற்கும் தெற்கே செய்யூர். உப்பளங்களும் சவுக்குத் தோப்புகளும் உள்ள அமைதியான பகுதி. எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றும்.

சம்பந்தம் இருக்கிறது. 2010-ல் இந்தச் செய்யூர் பகுதியில்தான் 'சுவர்ணபூமி அகாடமி ஆஃப் மியூசிக்' என்ற இசைக் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதற்குத் தலைமையேற்றவர் 'கிட்டார்' பிரசன்னா. கர்நாடக இசையையும் ராக், ஜாஸ் இசையையும் ஒரே கிட்டாரில் வாசிப்பவர். அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த செய்யூர், 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபோது செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது.

உலகம் முழுக்க ராக் ரசிகர்களிடையே ஒரு சண்டை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். 'புரோகிரஸிவ் ராக் இசையில் உங்களுக்குப் பிடித்த கிட்டாரிஸ்ட் யார்?' ஒருவர் டேவிட் கில்மோர் என்பார். இன்னொருவர் ராபர்ட் ஃபிரிப் என்பார். விடிய விடியப் பேசினாலும் முடிவுக்கு வராது. எம்.எஸ்-ஸா எம்.எல்.வி-யா என்று சபா கேன்டீனில் நடந்த விவாதங்களைப்போலத்தான் இதுவும்!

ஆனால், அந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் எழாத கேள்வி ஒன்று உண்டு. கம்பியைத் தட்டினால் 'டிங்' என்று ஒரே சுருதியில் நிற்கும் கிட்டாரை, நம் வீணைபோலக் குழைய வைத்தவர் யார்? அந்தக் கேள்வியோடு தேடினால், விடையில் பாதி தமிழ்நாட்டில் கிடைக்கிறது.

அது என்ன புரோகிரஸிவ் ராக்?

1960-களின் இறுதியில் இங்கிலாந்தின் ராக் இசைக் கலைஞர்கள் சிலருக்கு, 3 நிமிடப் பாட்டு, நாலு வரிப் பல்லவி, நடுவே ஒரு கிட்டார் இசை என்ற கட்டம் போதவில்லை. மேற்கத்திய செவ்வியல் இசை, ஜாஸ், நாட்டுப்புற இசை எல்லாவற்றையும் ராக்கோடு கலந்தார்கள். பாட்டின் நீளம் 10 நிமிடம், 20 நிமிடம் என்று வளர்ந்தது. தாளம் நடுவழியில் மாறும். ஓர் ஆல்பம் முழுக்க ஒரே கதையைச் சொல்லும். ரசிகர்கள் செல்லமாக 'ப்ராக்' என்று அழைக்கும் இந்த இசைக்கு முக்கியமான தொடக்கப்புள்ளி, 1969 அக்டோபரில் வெளியான 'கிங் கிரிம்ஸன்' குழுவின் முதல் ஆல்பம்.

தமிழ் ரசிகருக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. ராகம் - தானம் - பல்லவி கேட்டவர்களுக்கு, ஒரே உருப்படி முக்கால் மணி நேரம் நீள்வதில் என்ன ஆச்சர்யம்? தாள விஷயத்தில் இன்னும் நெருக்கம். பிங்க் ஃபிளாய்டின் 'மணி' என்ற பாட்டு, 1973-ல் வந்த 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் இருக்கிறது. அதன் சிறப்பே 7 எண்ணிக்கையில் சுழலும் தாளம்தான். ராக் உலகுக்கு அது அபூர்வம். நமக்கு அது மிஸ்ர சாபு. 'தகிட தகதிமி' என்று 3-ம் 4-மாகப் பிரித்துக் கைதட்டிப் பழகியவர்களுக்கு அந்தச் சுழற்சி சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

அதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. 7-ல் ஓடும் அந்தப் பாட்டு, கிட்டார் தனியாக வாசிக்கும் இடம் வந்ததும் சட்டென 4 எண்ணிக்கைக்கு மாறிவிடும். நம் ஊர் மிருதங்க வித்வானாக இருந்தால், தனி ஆவர்த்தனத்தையே அந்த 7-ல்தான் வைத்திருப்பார்!

உலகம் கொண்டாடும் ஆறு பேர்

ப்ராக் ரசிகர்களின் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் இவை.

ராபர்ட் ஃபிரிப்: கிங் கிரிம்ஸன் குழுவில் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். தொடக்கம் முதல் கடைசிவரை இருந்தவர் இவர் மட்டும்தான். மேடையில் குதிக்க மாட்டார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் வாசிப்பார். கச்சேரி மேடை நினைவுக்கு வருகிறதா? 1985-ல் 'கிட்டார் கிராஃப்ட்' என்ற பெயரில் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கி, கம்பிகளுக்கே புதிய சுருதி வரிசை ஒன்றை வகுத்துக் கற்றுக்கொடுத்தவர்.

ஸ்டீவ் ஹோ: 'யெஸ்' குழுவின் கிட்டாரிஸ்ட். 1972-ல் வந்த 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தின் தலைப்புப் பாடல் 18 நிமிடங்களுக்கு மேல் ஓடும். ராக், ஜாஸ், ஸ்பானிஷ் கிட்டார் எல்லாம் இவர் விரலில் ஒன்றாகக் குடியிருக்கும்.

ஸ்டீவ் ஹேக்கட்: 'ஜெனிசிஸ்' குழுவில் 1971-ல் சேர்ந்தவர். வலது கை விரலாலும் கிட்டாரின் கழுத்துப் பகுதியில் தட்டி வாசிக்கும் 'டேப்பிங்' உத்தியை, அது 1978-க்குப் பிறகு எட்டி வான் ஹேலன் மூலம் பிரபலமாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆல்பங்களில் பயன்படுத்தியவர்.

டேவிட் கில்மோர்: வேகத்தைக் காட்டி அசத்தும் வழி இவருடையது அல்ல. ஒரே ஒரு ஸ்வரத்தை இழுத்து, நெளித்து, நிறுத்தி அழவைப்பார். 1979-ல் வந்த 'கம்ஃபர்டப்ளி நம்' பாட்டின் இறுதி கிட்டார் பகுதியை, பலர் வரிகளை மறந்தாலும் மறப்பதில்லை.

அலெக்ஸ் லைஃப்சன்: கனடாவின் 'ரஷ்' குழு. மூன்றே பேர். ஆனால், மேடையில் ஆறு பேர் வாசிப்பதுபோல ஒலிக்கும். 1976-ல் வந்த '2112' என்ற படைப்பு, எல்.பி ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

ஜான் பெட்ருச்சி: 1985-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் இருக்கும் பெர்க்லீ இசைக் கல்லூரியில் சந்தித்த மாணவர்கள் தொடங்கிய குழு, பின்னாளில் 'ட்ரீம் தியேட்டர்' ஆனது. அவர்களில் ஒருவர் பெட்ருச்சி. மெட்டல் இசையின் வேகத்தையும் ப்ராக் இசையின் தாளக் கணக்கையும் இணைத்தவர். பெர்க்லீ என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆள் ஒருவர் அங்கே போகப் போகிறார்.

படிக்கட்டில் ஊஞ்சல் ஆட முடியுமா?

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகளுக்கு 'ஃப்ரெட்' என்று பெயர். வீணையில் இதையே மெட்டு என்கிறோம். கிட்டாரில் 12 ஃப்ரெட் ஏறினால் ஒரு ஸ்தாயி. 12-வது ஃப்ரெட், கம்பியின் நீளத்தில் சரிபாதியில் இருக்கும். ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஒரு படி. படிமேல் கால் வைத்தால் சரியான சுருதி கிடைக்கும். தப்பு வர வாய்ப்பு குறைவு.

கர்நாடக இசையின் உயிர் இருப்பது படிகளுக்கு நடுவே. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசையாமல் நேராகப் பிடித்தால், அது தோடியாகவே கேட்காது. மேலும் கீழும் ஆடி அசைந்தால்தான் தோடி. இந்த அசைவுக்குத்தான் கமகம் என்று பெயர். மரபில் 10 வகை கமகங்களைச் சொல்வார்கள். கிட்டாரின் ஃப்ரெட்டோ படிக்கட்டு. கமகம் ஊஞ்சல். படிக்கட்டில் எப்படி ஊஞ்சல் ஆடுவது?

வீணையிலும் மெட்டுகள் உண்டே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீணையில் 24 மெட்டுகள், மெழுகில் உயரமாகப் பதித்திருக்கும். கம்பிக்கும் தண்டிக்கும் நடுவே இடைவெளி இருப்பதால், விரலால் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டில் அடுத்தடுத்த ஸ்வரங்களை வரவழைக்கலாம். கிட்டாரில் ஃப்ரெட்டுகள் உயரம் குறைவு. விரல் மரத்தில் இடிக்கும். ராக் கிட்டாரிஸ்ட்கள் கம்பியை வளைப்பது உண்மைதான். ஆனால், அது பெரும்பாலும் பாட்டின் உச்சத்தில் ஓர் அலங்காரம். கமகம் அலங்காரம் அல்ல. அதுதான் ராகத்தின் மொழி.

இந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றவர்களின் கதைதான் இனி.

மகாவிஷ்ணு என்ற வெள்ளைக்காரர்

ஜான் மெக்லாஃப்லின், 1942-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷையரில் பிறந்தவர். 1969-ல் நியூயார்க் போய், ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' ஆல்பத்தில் வாசித்தார். 1971-ல் சொந்தக் குழு தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா'. அவருடைய ஆன்மிக குரு ஸ்ரீசின்மாய் கொடுத்த பெயர் அது. ஜாஸ் ரசிகர்கள் அவரை ஜாஸ்காரர் என்பார்கள். ப்ராக் ரசிகர்கள் 'எங்கள் ஆள்' என்பார்கள். 1973-ல் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' ஆல்பத்தின் தலைப்பு இசை, 18 எண்ணிக்கைச் சுழற்சியில் ஓடும்.

புகழின் உச்சியில் இருந்தபோது அவர் செய்த காரியம், பல ராக் நட்சத்திரங்கள் செய்யாதது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்துக்கொண்டிருந்த நம் ஊர் வித்வான் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். மாணவனாகத் தரையில் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து.

அதன் பலன், 'சக்தி' குழு. வயலினில் எல்.சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் டி.எச்.'விக்கு' விநாயக்ராம், மிருதங்கத்தில் ராமநாதபுரம் ராகவன். எலெக்ட்ரிக் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, மெக்லாஃப்லின் சாதாரண மரக் கிட்டாரோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவருடைய பதிவு நிறுவனமும் பழைய ரசிகர்களும் ஆச்சர்யப்பட்டிருந்தால் வியப்பில்லை. கூட்டம் கூட்டும் இரைச்சலை விட்டு, கடத்தோடு பேச வந்துவிட்டாரே!

ஆனால், அது சாதாரண கிட்டாரும் அல்ல. அவருக்காகவே தயாரான அந்தக் கிட்டாரில் இரண்டு மாற்றங்கள். ஒன்று, ஆறு கம்பிகளுக்குக் கீழே சாய்வாக இன்னும் 7 கம்பிகள். தம்பூராபோலக் கூடவே முழங்கும். இரண்டாவது, ஃப்ரெட்டுகளுக்கு நடுவே இருந்த மரத்தைக் குழிவாகச் செதுக்கிவிட்டார்கள். இதை 'ஸ்கேலப்' செய்வது என்பார்கள். விரல் மரத்தில் இடிக்காது. வீணைபோலக் கம்பியை இழுக்கலாம். மெழுகில் பதித்த வீணை மெட்டுகளின் தத்துவத்தை, கிட்டார் மரத்தைக் குடைந்து கொண்டுவந்துவிட்டார்கள். ஊஞ்சல் ஆடத் தொடங்கியது.

'சக்தி' 1970-களில் 3 ஆல்பங்கள் வெளியிட்டது. 1997-ல் 'ரிமெம்பர் சக்தி' என்று மீண்டும் புறப்பட்ட பிறகு, விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். சங்கர் மகாதேவன் பாட வந்தார். 2023-ல் வந்த 'திஸ் மொமென்ட்' ஆல்பம், 2024 பிப்ரவரியில் கிராமி விருது வென்றது. அப்போது மெக்லாஃப்லினுக்கு வயது 82. செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோல் கற்றுத்தரும் டி.வி.டி-யும் வெளியிட்டிருக்கிறார். இங்கிலாந்தில் பிறந்த ஒரு கிட்டாரிஸ்ட், உலகத்துக்குத் 'தகதிமி' சொல்லிக் கொடுக்கிறார்!

மரத்தைக் குடையாமலே சாதித்த சிறுவன்

அதே 'ரிமெம்பர் சக்தி' மேடையில் மெக்லாஃப்லினுக்குப் பக்கத்தில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தவர், மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ். மாண்டலின், கிட்டாருக்குத் தங்கை முறை. கழுத்து இன்னும் குட்டி, ஃப்ரெட்டுகள் இன்னும் நெருக்கம். கமகத்துக்குக் கிட்டாரைவிடக் கஷ்டமான வாத்தியம்.

ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969-ல் பிறந்த ஸ்ரீநிவாஸ், சிறுவனாகவே சென்னைக்கு வந்து சபாக்களை நிரப்பினார். மாண்டலினில் வழக்கமாக இருக்கும் இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, ஐந்து கம்பி எலெக்ட்ரிக் மாண்டலினில் வாசித்தார். 'அந்நிய வாத்தியம்' என்று முகம் சுளித்தவர்களும், அவர் ஆலாபனை தொடங்கியதும் கண்ணை மூடிக் கேட்டார்கள்.

ப்ராக் ரசிகர்களுக்கு இங்கே இன்னொரு கண்ணி உண்டு. 'ஜெனிசிஸ்' குழுவின் முதல் பாடகர் பீட்டர் கேப்ரியல், 1975-ல் அந்தக் குழுவிலிருந்து விலகியவர். பின்னாளில் அவர் நிறுவிய 'ரியல் வேர்ல்டு' நிறுவனம்தான், கனடா கிட்டாரிஸ்ட் மைக்கேல் ப்ரூக்கும் ஸ்ரீநிவாஸும் இணைந்த 'ட்ரீம்' ஆல்பத்தை 1995-ல் வெளியிட்டது. 2014-ல், 45 வயதிலேயே ஸ்ரீநிவாஸ் மறைந்தது இசை உலகுக்குப் பெரும் இழப்பு.

கப்பல் கட்டப் படித்தவர், கரையில் கட்டியது

இப்போது மறுபடி செய்யூருக்கு வருவோம்.

கிட்டாரில் கர்நாடக இசை வாசித்த முதல் ஆள் பிரசன்னா அல்ல. 1980-களிலேயே சுகுமார் பிரசாத் எலெக்ட்ரிக் கிட்டாரில் முழுக் கச்சேரி வாசித்துக் காட்டியவர். ஆனால், ராக் உலகம், ஜாஸ் உலகம், சபா உலகம் மூன்றிலும் ஒரே கிட்டாரோடு நடமாடியவர் என்றால் பிரசன்னாவைத்தான் சொல்ல வேண்டும்.

ராணிப்பேட்டையில் 1970-ல் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.டி-யில் சேர்ந்தார். படித்தது கப்பல் கட்டுமானப் பொறியியல். ஒரு பக்கம் ராக் கிட்டார். மறுபக்கம் திருவாரூர் பாலசுப்ரமணியம், வயலின் மேதை ஏ.கன்யாகுமரி ஆகியோரிடம் கர்நாடக இசைப் பயிற்சி. ஐ.ஐ.டி பட்டம் கையில் இருக்கும் பையன், கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கா போகிறேன் என்றால் எந்த வீட்டில்தான் கவலைப்பட மாட்டார்கள்? பிரசன்னா போனார். பெட்ருச்சி படித்த அதே பெர்க்லீ இசைக் கல்லூரிக்கு.

அவர் கிட்டார் வழியில் முக்கியமான விஷயம், தனி வாத்தியம் எதுவும் செய்துகொள்ளாததுதான். கடையில் கிடைக்கும் வழக்கமான ஃப்ரெட் வைத்த கிட்டார். கம்பியில் விரலை வழுக்கவிட்டு ஜாரு. கம்பியை வளைத்து அசைவு. அடுத்த ஃப்ரெட்டில் சட்டென விரலைத் தட்டி எடுத்து ஸ்புரிதம்போல ஓர் அழுத்தம். ராக் கிட்டாரிஸ்ட்டின் அதே உத்திகள். ஆனால், அவை ராக இலக்கணத்தின்படி வேலை செய்கின்றன. ஊஞ்சலுக்காகப் படிக்கட்டை இடிக்கவில்லை. படிக்கட்டிலேயே ஊஞ்சல் கட்டிவிட்டார்.

2006-ல் அவர் வெளியிட்ட 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' ஆல்பத்தின் பெயரே பாதி கதையைச் சொல்லும். கிட்டார் உலகின் கடவுள் என்று ரசிகர்கள் கொண்டாடும் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 1968-ம் ஆண்டு ஆல்பத்தின் பெயர் 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்'. அவருக்கு அஞ்சலியாக வந்த ஆல்பத்தில், பிள்ளையாரையும் பெயரில் சேர்த்துவிட்டார்! உதட்டுப் பிளவோடு பிறந்த சிறுமியைப் பற்றிய 'ஸ்மைல் பிங்கி' என்ற ஆவணப்படத்துக்கு இசையமைத்தவரும் இவரே. குறும்பட ஆவணப் பிரிவில் 2009-ல் ஆஸ்கர் வென்ற படம் அது. அமெரிக்கத் தமிழரான பியானோ கலைஞர் விஜய் ஐயர், தபலா கலைஞர் நிதின் மிட்டா ஆகியோரோடு இவர் வாசித்த 'தீர்த்தா' ஆல்பம் 2011-ல் வந்தது.

இப்படிப்பட்ட ஒருவர் தலைமையில்தான் செய்யூரில் மாணவர்கள் தங்கிப் படிக்கும் இசைக் கல்வி தொடங்கியது. ஒரு பக்கம் ஜாஸ், ராக், மேற்கத்திய ஹார்மனி. மறுபக்கம் கொன்னக்கோல், கர்நாடக இசை. கிட்டார் பிடிக்கிற பையன் வாயால் தாளம் சொல்ல வேண்டும். டிரம்ஸ் அடிக்கிற பெண்ணுக்கும் ராகத்தின் வாசம் தெரிய வேண்டும். 'பெர்க்லீக்குப் போனால்தான் இதைக் கற்க முடியும்' என்ற நிலையை மாற்ற நினைத்த முயற்சி அது. கப்பல் கட்டப் படித்தவர் கடலோரத்தில் கட்டியது, ஓர் இசைத் துறைமுகம்!

அடுத்த அலை

பிரசன்னாவோடு இது முடியவில்லை. தென்னிந்தியாவிலேயே ப்ராக் இசைக்கு ஒரு தனிக் கிளை வளர்ந்திருக்கிறது.

கொச்சியின் 'மதர்ஜேன்' குழு 2008-ல் வெளியிட்ட 'மக்தூப்', இந்திய ராக் ரசிகர்கள் இன்றும் கொண்டாடும் ஆல்பம். அதில் கிட்டார் வாசித்தவர் பைஜு தர்மஜன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சில இடங்களில் நாகஸ்வரமோ என்று தோன்றும். அவ்வளவு குழைவு.

பெங்களூரின் 'அகம்' குழு, கர்நாடக இசை உருப்படிகளை ப்ராக் ராக் வடிவில் எடுத்து வைத்து லட்சக்கணக்கான இளைஞர்களிடம் சேர்த்தது. ஹரீஷ் சிவராமகிருஷ்ணனின் குரலுக்குப் பின்னால், பிரவீன் குமாரும் ஜெகதீஷ் நடராஜனும் கிட்டாரில் போட்ட தளம் இருக்கிறது. இந்தக் குழுவினர் பலரும் ஐ.டி வேலை பார்த்துக்கொண்டே இசையில் வளர்ந்தவர்கள்.

சென்னையின் 'ஜடாயு' குழுவில் பாடகரே கிடையாது. ஷைலு ரவீந்திரன், சாஹிப் சிங் இருவரின் கிட்டார்கள்தான் பாடுகின்றன. ஒன்று ராகத்தில் பேச, மற்றொன்று ராக்கில் பதில் சொல்லும். 'சாங்கோ டேல்ஸ்' என்ற அவர்களின் ஆல்பம், ப்ராக் இசைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நல்ல நுழைவாயில்.

வயலின் வந்த வழியில் கிட்டார் வருமா?

இதெல்லாம் சரி, இது நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன சம்பந்தம்?

செங்கல்பட்டு, மறைமலைநகர், கூடுவாஞ்சேரி என்று எங்கே போனாலும் இன்று கிட்டார் வகுப்புப் பலகைகளைப் பார்க்கலாம். பிறந்தநாளுக்குக் கிட்டார் கேட்கும் பிள்ளைகள் ஏராளம். எட்டாம் வகுப்புவரை வகுப்பு, பத்தாம் வகுப்பு வந்ததும் கிட்டார் பரண் மேலே. 'இது நம்ம வாத்தியமா? சோறு போடுமா?' என்ற கேள்விக்குப் பல வீடுகளில் பதில் கிடைப்பதில்லை.

முதல் பாதிக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. வயலின் நம் வாத்தியமா? சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு, ஐரோப்பிய இசைக்குழுவிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். இன்று வயலின் இல்லாமல் கச்சேரியே இல்லை. கிளாரினெட்டை ஏ.கே.சி.நடராஜனும், சாக்ஸபோனைக் கத்ரி கோபால்நாத்தும் நம்முடையதாக்கினார்கள். ஒரு வாத்தியம் எங்கே பிறந்தது என்பதைவிட, அதில் கமகம் பேசுகிறதா, தாளம் நிற்கிறதா என்பதே அதற்கான நுழைவுத் தேர்வாக இருந்திருக்கிறது.

தமிழக அரசின் மாவட்ட இசைப் பள்ளிகளில் குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என 7 பாடங்கள் உண்டு. காஞ்சிபுரத்திலும் அப்படியொரு பள்ளி இருக்கிறது. கடல் தாண்டி வந்த வயலின் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கிட்டார் இல்லை. என்றாவது ஒரு நாள் இடம்பெறுமா என்பது, இன்று கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் கிட்டாரில் என்ன பேசப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது பாதி, சோறு. இங்கே ஒரே பாதை இல்லை. பிரசன்னா பொறியியலை விட்டு முழுநேர இசைக்குப் போனார். 'அகம்' குழுவினர் வேலையையும் கையில் வைத்துக்கொண்டார்கள். சினிமாப் பதிவரங்கில் வாசிப்பவர்கள், கற்பிப்பவர்கள், விளம்பரங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் இசையமைப்பவர்கள் என்று நடுவே பல கிளைகள் உண்டு. எல்லோருக்கும் பொதுவான ஒன்று, தாளத்தையும் சுருதியையும் அடிப்படையிலிருந்து கற்றது. விலை உயர்ந்த கிட்டார் வாங்குவதற்கு முன்பே, வாயால் 'தகதிமி' சொல்லவும் ஸ்வரம் பாடவும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கலாம். மெக்லாஃப்லின் பெரிய நட்சத்திரமான பிறகு திரும்பி வந்து கற்றது அதைத்தான்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் ராஜசிம்மன், காஞ்சி கயிலாசநாதர் கோயில் கல்வெட்டில் தனக்கு வைத்துக்கொண்ட பட்டங்களில் 'வீணா நாரதன்', 'வாத்திய வித்யாதரன்' என்பவையும் உண்டு. அரசனே கம்பி வாத்தியத்தில் வல்லவன் என்று பெருமைப்பட்ட மண் இது. இங்கே ஒரு பிள்ளை கிட்டார் பிடிப்பதில் குறையொன்றும் இல்லை.

ஹெட்போன் மாட்டி கேட்டுப் பாருங்கள்

ப்ராக் இசைக்குப் புதியவரா? இந்த வரிசையில் கேளுங்கள்.

1. பிங்க் ஃபிளாய்டின் 'மணி'. கேட்டுக்கொண்டே 'தகிட தகதிமி' போடுங்கள். தாளம் மாறும் இடம் தானாகப் பிடிபடும்.

2. 'சக்தி' குழு 1976-ல் வெளியிட்ட முதல் ஆல்பம். கிட்டாரும் கடமும் பேசிக்கொள்வதைக் கவனியுங்கள்.

3. ஸ்ரீநிவாஸ் - மைக்கேல் ப்ரூக்கின் 'ட்ரீம்'. இரவு நேரத்துக்கு ஏற்றது.

4. பிரசன்னாவின் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்'. வீட்டில் சபா ரசிகர் யாராவது இருந்தால், கூட உட்கார வைத்துக் கேளுங்கள். விவாதம் நிச்சயம்!

5. 'மதர்ஜேன்' குழுவின் 'மக்தூப்', பிறகு 'ஜடாயு'வின் 'சாங்கோ டேல்ஸ்'.

6. கடைசியாக, யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்'. 18 நிமிடம் பொறுமையாக. ராகம் - தானம் - பல்லவி கேட்கும் பொறுமை இருந்தால் இது எளிது.

கேட்டு முடித்ததும், உங்களுக்குப் பிடித்த கிட்டாரிஸ்ட் யார் என்று உங்கள் பட்டியலை நீங்களே போடுங்கள். வேகத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டால், குழைவுக்கு இரண்டு போட மறக்காதீர்கள்!